திடீர் திடீரென ஹேங் ஆகும் லேப்டாப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை அப்படியே நின்றுவிடும். சில சமயம் நீலத்திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகும், சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். இந்தத் தொல்லையோடு வருபவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நானே என் லேப்டாப்போடு போராடியபோது தேடிய பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 பற்றியது. லினக்ஸ் பற்றிக் கொஞ்சம் பின்னால் வருகிறது.

இப்போதுதான் ஹேங் ஆகி நிற்கிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துவிடலாமா?

ஒரு நிமிடம் பொறுங்கள். அணைத்துவிட்டால் ஒரு நல்ல தடயம் போய்விடும்.

முதலில் கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் உள்ளே விண்டோஸ் உயிரோடுதான் இருக்கிறது. ஏதோ ஒரு புரோகிராமோ டிஸ்க்கோ திரையோதான் சிக்கிக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரக்கூடும். வராவிட்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். இது கிராஃபிக்ஸ் டிரைவரை (திரைக் காட்சியைக் கவனிக்கும் வன்பொருளை இயக்கும் மென்பொருள்) மட்டும் மீண்டும் தொடங்கி வைக்கும். திரை ஒரு கணம் கருத்து மீண்டும் எல்லாம் ஓட ஆரம்பித்தால், கிராஃபிக்ஸ் டிரைவர் மீதுதான் சந்தேகப்பட வேண்டும்.

மவுஸ் நகர்கிறது, ஆனால் எதைத் தொட்டாலும் திறக்கவில்லை என்றால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். இரண்டு மூன்று நிமிடம் விட்டால் தானாகவே மீளவும் கூடும். கேப்ஸ் லாக் விளக்கும் அசையவில்லை, ஓடிக்கொண்டிருந்த ஒலி ஒரே சத்தமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது என்றால் முழு இயந்திரமும் பூட்டிக்கொண்டது. அப்போது பத்து விநாடிக்கு மேல் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வழியில்லை. எந்த வகை என்பதைக் குறித்துக்கொண்டு அணையுங்கள்.

திரும்ப ஆன் ஆகிவிட்டது. முதல் வேலை என்ன?

பேக்கப். ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்.

ஹேங் ஆவதற்கு டிஸ்க் காரணமாக இருந்தால், அடுத்த முறை ஆன் ஆகாமலே போகலாம். படங்கள், ஆவணங்கள், வேலைக் கோப்புகள் எல்லாவற்றையும் வெளி டிரைவிலோ கிளவுடிலோ இன்றே போட்டுவிடுங்கள்.

பலர் மறக்கும் இன்னொன்று, டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் சாவி. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். உரிமையாளருக்கே அது தெரிந்திருக்காது. பயாஸை (லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தாலோ மதர்போர்டை மாற்றினாலோ 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலும் கோப்புகளைப் படிக்க முடியாது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இந்தச் சாவி சேமிக்கப்பட்டிருக்கும். லேப்டாப் நன்றாக ஓடும்போதே அதை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

காரணமே இல்லாமல் ஆகிறது. ஒரு நாள் ஐந்து தடவை, பிறகு ஒரு வாரம் ஒன்றுமில்லை. இதை எப்படிப் பிடிப்பது?

காரணம் இருக்கிறது. இன்னும் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இதற்கு எந்த மென்பொருளையும்விட ஒரு நோட்டும் பேனாவும் அதிகம் உதவும்.

ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள்: தேதி, நேரம், ஆன் செய்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, சார்ஜர் செருகியிருந்ததா, ஃபேன் இரைந்ததா, அடிப்பக்கம் கை வைக்க முடியாத அளவு சுட்டதா, என்ன ஓடிக்கொண்டிருந்தது, யுஎஸ்பியில் என்ன செருகியிருந்தது, லேப்டாப்பை நகர்த்தினீர்களா. ஏழெட்டுத் தடவை எழுதிய பிறகு வரிசையாகப் படித்தால் பெரும்பாலும் ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

என் பழைய லேப்டாப் ஒன்று இரண்டு மாதம் என்னைப் பாடாய்ப்படுத்தியது. விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டேன், டிரைவர்களை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் எழுத ஆரம்பித்தேன். பதினொரு குறிப்புகளில் ஒன்பதில் ஒரே விஷயம் இருந்தது: லேப்டாப்பை ஒரு மூலையைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கியிருந்தேன். உடல் லேசாக வளையும்போது ரேம் அதன் இடத்தில் அசைந்திருக்கிறது. கழற்றிச் சரியாக அழுத்திப் பொருத்தினேன். அதன் பிறகு அந்தத் தொல்லை வரவே இல்லை.

நோட்டோடு சேர்த்து விண்டோஸின் ரிலையபிலிட்டி மானிட்டரையும் பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தேடினால் வரும். ஒவ்வொரு நாளும் என்ன உடைந்தது, என்ன நிறுவப்பட்டது என்று நாள்காட்டி போலக் காட்டும். முதல் சிவப்புக் குறி விழுந்த நாளுக்கு முந்தின நாள் எந்த அப்டேட் வந்தது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து விண்டோஸில் இதைவிடப் பயனுள்ள, இதைவிடக் குறைவாகப் பயன்படுத்தப்படும் கருவி இல்லை.

ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருக்கிறது. பவர் சப்ளை கெட்டுவிட்டதா?

பெயரைப் பார்த்து நிறையப் பேர் இப்படி நினைத்து சார்ஜரை மாற்றிவிடுகிறார்கள். ஈவன்ட் வியூவர் என்பது விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் பதிவேடு. அதில் இந்தப் பதிவுக்குப் பொருள் ஒன்றுதான்: சென்ற முறை முறையாக ஷட் டவுன் ஆகவில்லை. நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதுதான் வரும். அது விளைவைச் சொல்கிறதே தவிர, காரணத்தை அல்ல.

ஆனால் அதன் விவரப் பகுதியில் 'பக்செக்கோட்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் நீலத்திரைப் பிழை நடந்திருக்கிறது, நீங்கள் பார்க்காமல் விட்டிருக்கலாம். பூஜ்யம் என்றால் விண்டோஸுக்குக் குறிப்பு எழுதக்கூட நேரம் கிடைக்கவில்லை. மின்சாரம் அறுந்திருக்கலாம், அல்லது முழுப் பூட்டு விழுந்திருக்கலாம். அந்த 41-க்குச் சற்று முன்னால் உள்ள பதிவுகளைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். 'டிஸ்க்' என்ற பெயரில் 7 அல்லது 153, டிஸ்க் கன்ட்ரோலர் பெயரில் 129, 'வீயா லாகர்' (WHEA-Logger) என்ற பெயரில் எதுவும் இருந்தால் அவை பேசுகிற தடயங்கள். முதல் மூன்றும் டிஸ்க் பக்கம் கை காட்டும்; கடைசியானது வன்பொருள் தன் பிழையைத் தானே அறிவிப்பது.

நீலத்திரையில் வரும் ஆங்கில வாசகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். அண்மைய விண்டோஸ் 11-ல் அந்தத் திரை கருப்பாக மாறிவிட்டது. ஆனால் வாசகங்கள் அதே பழையவைதான். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரை சட்டென மறைந்துவிடுகிறது என்றால் சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி என்ற இடத்தில், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் அல்லது கிராஃபிக்ஸ் சிப். 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' என்றால் டிஸ்க்கிலிருந்து படிக்க முடியவில்லை என்று பொருள். 'வீயா அன்கரெக்டபிள் எரர்' வன்பொருளைச் சுட்டும்: பிராசசர், சூடு, மின்னழுத்தம், சில சமயம் எஸ்எஸ்டி. 'டிபிசி வாட்ச்டாக் வயலேஷன்' பெரும்பாலும் டிரைவர் சமாசாரம். டிஸ்க் டிரைவரையும் எஸ்எஸ்டி ஃபர்ம்வேரையும் (எஸ்எஸ்டிக்கு உள்ளேயே இருக்கும் மென்பொருள்) முதலில் பாருங்கள். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றால் ரேம் சோதனை செய்தே ஆக வேண்டும்.

ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தால் ஏதோ ஒரு குறிப்பிட்ட டிரைவர் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வாசகம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வருகிறதா? அப்போது நான் நேராக ரேமுக்குத்தான் போவேன்.

ரேமை எப்படிச் சோதிப்பது?

ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடினால் ஒரு கருவி வரும். அது பிழை காட்டினால் நம்பலாம். காட்டவில்லை என்றால் ரேம் நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். மெம்டெஸ்ட்86 அல்லது திறந்த மூல மெம்டெஸ்ட்86 பிளஸை ஒரு பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து, இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேம் தோல்விதான். 'ஒன்றுதானே' என்று விட முடியாது, அந்த ஓர் இடத்தில் உங்கள் கோப்பு உட்கார்ந்தால் அது கெடும்.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் போட்டு ஓட்டுங்கள். பிறகு மாற்றிப் போடுங்கள். குற்றவாளி ரேமா, அது உட்காரும் ஸ்லாட்டா என்பது இப்படித்தான் தெரியும். கழற்றுவதற்கு முன் சார்ஜரை எடுத்து, உள்ளே பேட்டரி இணைப்பையும் பிரித்துவிட்டு, ஏதாவது வெற்று உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே இந்த வழி கிடையாது.

சூட்டினால் ஹேங் ஆகுமா? எத்தனை டிகிரி வரை பரவாயில்லை?

ஆகும். ஆனால் நேரடியாக அல்ல. இன்றைய பிராசசர்கள் சூடு ஏறும்போது முதலில் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் ஹேங் ஆவதற்கு முன் எல்லாம் மந்தமாகிறது. அதையும் மீறிப் போனால் தன்னைக் காத்துக்கொள்ள ஒரேயடியாக அணைந்துவிடும். பல லேப்டாப் பிராசசர்களின் எல்லை 95 முதல் 105 டிகிரி செல்சியஸ். கனமான வேலையில் 90-ஐத் தொட்டுவிட்டு இறங்குவது மெல்லிய லேப்டாப்களில் சாதாரணம். ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 80-ல் நின்றால் அது நோய்.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் பதிவு செய்யும் வசதியை (லாக்கிங்) இயக்கினால், அது வெப்பநிலையை ஒவ்வொரு இரண்டு விநாடிக்கும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். அதை ஓட விட்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். ஹேங் ஆன பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரிகளைத் திறந்தால், விழுவதற்கு முந்தைய கணத்தில் எவ்வளவு சூடு, ஃபேன் எவ்வளவு வேகம் என்று இருக்கும். 98 டிகிரி என்றால் வழக்கு முடிந்தது. 55 என்றால் சூட்டை மறந்துவிட்டு வேறு பக்கம் போகலாம். இரண்டுமே உங்களுக்கு லாபம்தான்.

சூடுதான் என்றால் முதலில் இடத்தைக் கவனியுங்கள். மெத்தையும் தலையணையும் அடிப்பக்கக் காற்றுத் துளைகளை முழுவதும் அடைத்துவிடும். அடுத்தது தூசி. அது ஃபேனைவிட, அதன் வாயில் இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கு நடுவில் கம்பளி போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் உள்ளேதான் போகும். அடி மூடியைத் திறந்துதான் எடுக்க வேண்டும். ஊதும்போது ஃபேனை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டுப்பாடில்லாமல் சுழன்றால் அதன் தாங்கி கெட்டுவிடும். நான்கைந்து வருடம் ஆன லேப்டாப் என்றால் பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்ற பசை காய்ந்திருக்கும், அதையும் மாற்றிவிடலாம்.

எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போனால் அறிகுறி என்ன?

மவுஸ் நகரும், சொடுக்கினால் பதில் இருக்காது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும், ஆனால் படிக்கும் எழுதும் வேகம் பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குச் சந்தேகமே இருக்காது. ஹார்ட் டிஸ்க் என்றால் டிக், டிக் என்ற சத்தமும் வரலாம்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற கருவி, டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே எழுதி வைக்கும் 'ஸ்மார்ட்' பதிவுகளைக் காட்டும். ஹார்ட் டிஸ்க்கில் 'ரீஅலோகேட்டட்', 'கரன்ட் பெண்டிங்', 'அன்கரெக்டபிள்' என்ற மூன்று எண்ணிக்கைகளும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள். என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் 'மீடியா எரர்ஸ்' வரியைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டிஸ்க் சாகும் நிலையில் இருக்கும்போது, கோப்புகளை எடுப்பதற்கு முன்னால் முழு செக் டிஸ்க் போடாதீர்கள். அது ஒவ்வொரு பகுதியையும் படித்துச் சோதிக்கும். அந்த உழைப்பிலேயே மிச்ச உயிரும் போய்விடும். முதலில் நகல், பிறகு சோதனை.

எஸ்எஸ்டி நல்ல நிலையில் இருந்தும் விட்டு விட்டு நிற்கிறது என்றால், தயாரிப்பாளர் தளத்தில் அதற்கு ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் விளிம்புவரை நிரம்பியிருந்தால் கொஞ்சம் காலி செய்யுங்கள்.

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் ஆகிறது. அல்லது செருகாதபோது மட்டும்.

இது கிடைத்தால் பாதித் தேடல் முடிந்தது. இரண்டு நாள் பேட்டரியில் மட்டும், இரண்டு நாள் சார்ஜரில் மட்டும் ஓட்டி உறுதிசெய்யுங்கள். சார்ஜரோடு மட்டும் என்றால் சார்ஜரின் வாட் அளவு போதுமா, முனை ஆடுகிறதா, அல்லது முழு வேகத்தில் ஓடும்போது சூடு ஏறுகிறதா என்று பாருங்கள். பேட்டரியில் 30, 40 சதவீதம் இருக்கும்போதே பட்டென அணைந்தால் பேட்டரி தேய்ந்துவிட்டது.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறதா, அழுத்தினால் சொடுக்கு விழவில்லையா, மூடி சரியாக மூடவில்லையா, மேசையில் வைத்தால் ஆடுகிறதா? பேட்டரி உப்பியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் சோதனையெல்லாம் வேண்டாம். உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, மீண்டும் சார்ஜ் போடாமல், தெரிந்தவரிடம் கொடுத்து பேட்டரியை மாற்றுங்கள். குத்தவோ அழுத்தவோ நெம்பவோ கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.

ஓர் அப்டேட்டுக்குப் பிறகுதான் தொடங்கியது.

டிவைஸ் மேனேஜரில் அந்த வன்பொருளின் பெயரைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். விண்டோஸ் அப்டேட் என்றால் அப்டேட் வரலாற்றுப் பக்கத்திலிருந்தே நீக்கலாம். கிராஃபிக்ஸ் டிரைவருக்கு மட்டும், புதியதுதான் சிறந்தது என்று எண்ண வேண்டாம். லேப்டாப் தயாரிப்பாளர் தளத்தில் உள்ள பழைய பதிப்பு பல சமயம் அந்த மாடலில் நிதானமாக ஓடும்.

பாதுகாப்பு மென்பொருளையும் மறக்காதீர்கள். அது விண்டோஸின் அடிமட்டம்வரை இறங்கி வேலை செய்வதால், அதில் பிழை வந்தால் முழு அமைப்பும் விழும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் வெளியிட்ட ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. எனவே வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் சில நாள் நீக்கிவிட்டு, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை மட்டும் வைத்துப் பாருங்கள்.

பயாஸ் அப்டேட்டும் சில நேரம் நேரடி மருந்து. 2022-ல் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசசர் உள்ள சில கணினிகளில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு அம்சத்தால் இடையிடையே திக்கிநிற்கும் கோளாறு இருப்பதை ஏஎம்டி ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத்தான் சரிசெய்தது. பயாஸ் போடும்போது சார்ஜர் செருகியிருக்கட்டும், நடுவில் அணைக்கக் கூடாது.

தினமும் ஷட் டவுன் செய்கிறேனே, அப்புறம் ரீஸ்டார்ட் எதற்கு?

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது ஷட் டவுன் முழு ஷட் டவுன் அல்ல. விண்டோஸின் மையப் பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுநாள் அப்படியே எடுத்து ஓட்டும். சிக்கலும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

மடியில் வைத்து டைப் செய்யும்போது மட்டும் திரை அணைகிறது. இதுவும் ஹேங்தானா?

கையில் காந்தப் பட்டை உள்ள கைக்கடிகாரமோ வளையலோ இருக்கிறதா? மூடி மூடியிருக்கிறதா என்பதை அறிய லேப்டாப்பின் விளிம்பில் ஒரு காந்த உணரி இருக்கும். அதன் மேல் காந்தம் வந்தால் மூடிவிட்டதாக நினைத்துத் தூங்கிவிடும். ஒரு லேப்டாப்பை இன்னொன்றின் மேல் வைத்தாலும் இது நடக்கும்.

வன்பொருளா, மென்பொருளா என்று ஒரே சோதனையில் சொல்ல முடியுமா?

அருகில் போகலாம். ஒரு பென் டிரைவில் உபுண்டு அல்லது மின்ட் லினக்ஸைப் போட்டு, எதையும் நிறுவாமல், 'டிரை' முறையில் பூட் செய்யுங்கள். அதிலேயே நான்கைந்து மணி நேரம் வீடியோ, பிரௌசர் என்று வழக்கமான வேலையைச் செய்யுங்கள். அங்கேயும் ஹேங் ஆனால் விண்டோஸ் மீது பழி போட முடியாது, வன்பொருளைத் தேடுங்கள். அங்கே நன்றாக ஓடினால் விண்டோஸ், டிரைவர், அல்லது உள்ளே இருக்கும் டிஸ்க். டிஸ்க்கைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பென் டிரைவிலிருந்து ஓடும்போது உள் டிஸ்க் கிட்டத்தட்டச் சும்மா இருக்கிறது.

பேசாமல் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாமே?

ரேம், டிஸ்க், சூடு மூன்றும் சரி என்று தெரிந்த பிறகு போடலாம். அதற்கு முன்னால் போட்டால் ஒரு நாள் போகும், நோட்டில் சேர்த்த தடயங்களும் பொருந்தாமல் போகும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி பக்கத்தில் விண்டோஸ் அப்டேட் வழியாகப் பழுதுபார்க்கும் வசதி இருக்கிறது. கோப்புகளும் புரோகிராம்களும் அப்படியே இருக்கும். அதை முதலில் முயலுங்கள். இன்னும் விண்டோஸ் 10-ல் இருந்தால், அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். ரேமை மாற்றி, டிரைவரை மாற்றி, பயாஸையும் ஒரே மாலையில் ஏற்றிவிட்டு, ஹேங் நின்றுவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாது. திரும்ப வந்தால் எங்கிருந்து தொடங்குவது என்றும் தெரியாது.

லினக்ஸில் எப்படிப் பார்ப்பது?

பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளையில், முந்தைய முறை பூட் ஆனபோது எழுதப்பட்ட பதிவைத் தேர்ந்தெடுத்துக் கடைசி வரிகளைப் படியுங்கள். ரேம் தீர்ந்து போய் எல்லாம் நிற்பது லினக்ஸில் அடிக்கடி நடக்கும். ஸ்வாப் (ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) இல்லையென்றால் சேருங்கள். பூட்டிக்கொண்ட நேரத்தில் ஆல்ட், சிஸ்ஆர்க்யூ (SysRq) பொத்தான்களோடு வரும் அவசரக் கட்டளைகள் கோப்புகளைக் காப்பாற்றக்கூடும். சில லினக்ஸ் வகைகளில் அவை அணைக்கப்பட்டிருக்கும், முன்கூட்டியே இயக்கி வையுங்கள்.

கடைசியில் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. என்ன சொல்ல வேண்டும்?

'ஹேங் ஆகுது' என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், அவர் ஆன் செய்து அரை மணி நேரம் பார்ப்பார், நன்றாக ஓடும், திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் மீது தவறில்லை. உங்கள் நோட்டின் பக்கங்களைக் கொடுங்கள். நீலத்திரைப் படங்கள், மெம்டெஸ்ட் முடிவு, வெப்பநிலைக் கோப்பின் கடைசி வரிகள், எதையெல்லாம் ஏற்கனவே மாற்றிப் பார்த்தீர்கள் என்ற பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். எந்தச் சூழலில் ஆகிறது என்று தெரிந்தால் அதை அவர் முன்னாலேயே செய்து காட்டுங்கள். உத்தரவாதக் காலம் இருந்தால் நீங்களாக மூடியைத் திறப்பதற்கு முன் அதன் விதிகளைப் படித்துவிடுங்கள். சொந்தக் கணக்குகளிலிருந்து வெளியேறி, பேக்கப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு, பிட்லாக்கர் சாவி எழுதிய தாளையும் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு லேப்டாப்பை ஒப்படையுங்கள்.